தடையும் தண்டலும்

வீடியோ விளையாட்டுகளைப் பற்றி ஓர் இலக்கிய ஏட்டில் எழுத என்ன இருக்கிறது என்று சிலர் புருவம் நெரிக்கக்கூடும். சினிமாவைப் பற்றி எழுதப் புகுந்தோரையும், அதற்கு முன் நாவலைப் பற்றி எழுதப் புகுந்தோரையும் இதே கேள்விதான் எதிர்கொண்டது. கோடிக்கணக்கான மக்கள் தம் ஓய்வுப் பொழுதை நாள்தோறும் ஒப்படைத்துவிடும் ஒன்றை ஆராய்ச்சிக்கு உரியதன்று எனத் தள்ளிவிடுவது பண்டித மனோபாவமேயன்றி வேறன்று. நாமும் விளையாடுபவரே என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறோம். விடைத்தாள் திருத்தி ஓய்ந்த இரவுகளில் ஒரே பூதத்திடம் முப்பது முறை தோற்று, முப்பத்தோராம் முறை வென்று, யாருக்கும் சொல்லாமல் மகிழ்ந்து உறங்கியவர் நாம்.

சென்ற தவணை ஒரு மழைநாளில், பாடசாலை விறாந்தையில் மழை விடக் காத்திருந்த தரம் பத்து மாணவன் ஒருவன் கைத்தொலைபேசியில் ஏதோ விளையாடிக்கொண்டிருந்தான். சட்டப்படி அதனைப் பறித்திருக்க வேண்டும். அருகில் அமர்ந்து பார்த்தோம். ஒரே கட்டத்தில் அவன் மீண்டும் மீண்டும் தோற்றான். “அவ்வளவு கஷ்டமானதோ?” என்று கேட்டோம். அவன் தலையை நிமிர்த்தாமலே விடை சொன்னான்: “இது கஷ்டமான கேம் இல்லை, சேர். காசு கேக்கிற கேம்.”

கடினமான விளையாட்டு வேறு, காசு கேட்கும் விளையாட்டு வேறு என்ற பாகுபாட்டை அவன் எந்த நூலிலும் படிக்கவில்லை, கைவிரல்களால் அறிந்திருக்கிறான். இப்பாகுபாடு உண்மையானதா, உண்மையாயின் அதன் அடிப்படை யாது என்பதே நாம் இங்கு ஆராயப் புகும் பொருள்.

விளையாட்டில் கடினம் ஏன் வேண்டும்? கரம் பலகையின் காய்களைக் கையால் அள்ளி நான்கு குழிகளிலும் போட்டுவிட்டால் வேலை நொடியில் முடிந்துவிடும். எவரும் அப்படிச் செய்வதில்லை. சுண்டித்தான் போட வேண்டும் என்ற விதியை நாமே நம்மீது சுமத்திக்கொண்டு, அச்சுமையில் இன்பம் காண்கிறோம். கனடாவில் தத்துவம் கற்பித்த பேர்னாட் சூட்ஸ் என்பார் 1978 இல் வெளியிட்ட ‘வெட்டுக்கிளி’ என்னும் நூலில் விளையாட்டிற்கு இவ்வகையிலேயே வரைவிலக்கணம் கூற முயன்றார். வாழ்க்கையின் இடர்கள் நம்மைக் கேளாமல் வருபவை. விளையாட்டின் இடரோ நாம் அழைத்து வருவது. அதற்குத் தேவையென்று ஒன்றுமில்லை, அதனைக் கடப்பதற்காகவே அது அங்கே இருக்கிறது. தொல்காப்பிய மெய்ப்பாட்டியல் உவகை பிறக்கும் நிலைக்களன்கள் நான்கினைக் கூறுமிடத்துச் செல்வத்தை ஒன்றாகவும் விளையாட்டை வேறொன்றாகவும் எண்ணுகின்றது. இரண்டும் வெவ்வேறு ஊற்றுகள் என்று அந்நூலார் கண்டது நம் விடயத்திற்கு மிகப் பொருத்தமானது.

எமது ஊர்களில் கிளித்தட்டு ஆடிய பிள்ளைகளை நினைத்துப் பார்ப்போம். கோட்டின் அகலத்தையும், ஆட்களின் தொகையையும், சின்னஞ்சிறுவனை எப்படிச் சேர்த்துக்கொள்வது என்பதையும் ஆடுபவரே கூடித் தீர்மானித்தனர். கடினத்தின் அளவு ஆடுபவரின் பொதுச் சொத்தாக இருந்தது. ஒருவன் பிடிபட்டால் அதனால் இலாபம் காணும் மூன்றாம் ஆள் எவனும் வேலியோரம் நிற்கவில்லை.

கணினி விளையாட்டின் பிறப்பும் ஏறக்குறைய இத்தகையதே. 1962 இல் அமெரிக்காவின் மசசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவனத்தில் ஸ்டீவ் ரசலும் தோழர்களும் ஆக்கிய ‘ஸ்பேஸ்வோர்’ விற்பனைக்கு வரவில்லை. ஒரு பல்கலைக்கழகத்திலிருந்து இன்னொன்றுக்குக் கைமாறிப் பரவியது. 1984 இல் மொஸ்கோவில், சோவியத் விஞ்ஞானக் கழகத்தின் கணினி நிலையத்தில் பணிபுரிந்த அலெக்சி பஜித்னோவ் ஆக்கிய ‘டெற்றிஸ்’ஸும் அவ்வாறே நண்பர்களின் தட்டுகளில் ஏறி ஊர் சுற்றியது. அதனை வைத்து மேற்கிலும் யப்பானிலும் கம்பனிகள் பெரும்பொருள் ஈட்டிய பின்னரும், ஆக்கியவர் தம் உரிமைப் பணத்தைக் காண 1996 வரை காத்திருக்க நேர்ந்தது. இது இடையிலே சொன்ன செய்தி, ஆயினும் மறக்கத்தக்கதன்று.

எழுபதுகளில் நாணயம் போடும் இயந்திரம் வந்தது. 1978 இல் யப்பானிய டைட்டோ கம்பனிக்காகத் தொமொஹிரோ நிஷிகாடோ ஆக்கிய ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ விளையாட்டில், பகைவரின் தொகை குறையக் குறைய எஞ்சியோர் வேகமாக நகர்வர். இது முதலில் எவரும் திட்டமிட்டதன்று. அக்கால இயந்திரத்தின் ஆற்றல் சிறிது; திரையில் வரையவேண்டிய உருவங்கள் குறைந்தபோது அது தானாகவே விரைந்தது. நிஷிகாடோ அதனைத் திருத்தாமல் விட்டுவிட்டார். வெற்றியை நெருங்குந்தோறும் அபாயம் பெருகும் என்ற அற்புதமான நாடகம் ஓர் இயந்திரத்தின் ஏழ்மையிலிருந்து பிறந்தது! கடினம் கலையாகும் கணம் இதுவே என்போம். ஆடுபவனின் நெஞ்சு படபடக்கிறது. அப்படபடப்பை வெல்ல அவனது கண்ணும் கையும் வளர்ந்தாக வேண்டும். வேறு வழி கிடையாது.

ஆனால் அதே காலத்து இயந்திரங்களின் வயிற்றுக்குள் சிறு ஆழிகள் சில இருந்தன. ஆடுபவனுக்கு எத்தனை உயிர் கொடுப்பது, எவ்வளவு கடுமையாக ஆட்டத்தை வைப்பது என்பவற்றைக் கடைக்காரன் பெட்டியைத் திறந்து, ஆழியைத் தட்டி மாற்றிக்கொள்ளலாம். வெளியே நிற்கும் பையனுக்கு அது தெரியாது. தான் இன்று விரைவில் தோற்றது தன் கைத்தவறா, கடைக்காரன் விரல்பட்டதா என்று அவனால் அறிய முடியாது. விளையாட்டின் கடினம் முதன்முதலாக ஆடுபவரின் சபையை விட்டுப் பெட்டியின் சொந்தக்காரனிடம் சென்றடைந்தது இங்கேதான். 1985 இல் அற்றாரி வெளியிட்ட ‘கோண்ட்லெற்’ இன்னும் ஒருபடி மேலே சென்றது. அதில் வீரனை எவரும் தீண்டாவிட்டாலும் அவனது உயிர் கணந்தோறும் கரைந்துகொண்டேயிருக்கும். நாணயம் போட்டால் ஏறும். அங்கே பகைவர் பூதங்களும் பேய்களும் மட்டுமல்லர், காலமே பகை. தேர்ச்சி பெற்றவனாயினும் உயிர் கரைவதை நிறுத்த அவனால் இயலாது.

எனினும் அந்த நாணய இயந்திரங்களில் ஒருவகை நேர்மை இருந்தது. நாணயம் கண்ணுக்குத் தெரிந்தது, துளையும் தெரிந்தது, சட்டைப்பை காலியானதும் பையன் வீட்டுக்குப் போனான். தேர்ச்சியுள்ளவன் ஒற்றை நாணயத்தில் நெடுநேரம் நின்று ஆடிக் கடைக்காரனின் முகத்தைச் சுளிக்க வைக்கவும் முடிந்தது. பெரும்பாலான விளையாட்டுகளில் வெற்றியைக் காசு வாங்கித் தரவில்லை, இன்னொரு முயற்சியை மட்டுமே தந்தது.

வீட்டுப் பெட்டிகள் பரவிய காலத்தை விரைந்து கடந்துவிடலாம். முழு விலையையும் ஒரே தடவையில் கொடுத்தபின், ஆடுபவன் தோற்பதால் விற்றவனுக்கு வருவது ஒன்றுமில்லை. வாடகைக் கடைகளில் எடுத்தவர்கள் இரண்டு நாளில் முடித்துவிடுவார்கள் என்று அஞ்சிச் சில விளையாட்டுகளைக் கடுமையாக்கியதும் உண்டு. அது ஓர் அற்பத்தனம், அவ்வளவே.

நம் மாணவன் சொன்ன ‘காசு கேட்கும்’ விளையாட்டு வேறொரு கருவில் உருவானது. 2012 இல் கிங் என்ற கம்பனி வெளியிட்ட ‘கண்டி கிறஷ்’ இதற்கு அனைவரும் அறிந்த உதாரணம். விளையாட்டு இலவசம். ஐந்து உயிர்கள் தரப்படும். அவை தீர்ந்தால், ஓர் உயிர் மீள முப்பது நிமிடம் காத்திருக்க வேண்டும். அல்லது நண்பர்களிடம் இரக்க வேண்டும். அல்லது பணம் கொடுக்க வேண்டும். இன்னும் இரண்டே நகர்வில் வென்றுவிடலாம் என்னும் தறுவாயில் நகர்வுகள் தீரும்போது, மேலும் ஐந்து நகர்வு வேண்டுமா என்று கடை திறக்கும். இங்கே கவனிக்கற்பாலது யாதெனில், முப்பது நிமிடக் காத்திருப்பு ஒரு கடினமே அன்று என்பது. காத்திருப்பதில் எவரும் தேர்ச்சி பெறுவதில்லை. அது வெறும் வாயிற்கதவு, கதவருகே காவற்காரன், அவன் கையில் தண்டற்பெட்டி. இக்கதவுகளின் பெறுமதி எவ்வளவு என்பதற்கு ஒரு கணக்கு: 2015 நவெம்பரில் அக்ரிவிஷன் பிளிசாட் என்னும் கம்பனி கிங்கை 590 கோடி அமெரிக்க டொலருக்கு வாங்க உடன்பட்டது. பின்னர் 2023 இல் அக்ரிவிஷனையே மைக்ரோசொவ்ற் விழுங்கியது. பெரிய மீன் சின்ன மீனைத் தின்னும் கதை நமக்குப் புதிதன்று.

இலவச விளையாட்டில் தண்டல் இருப்பது இயல்பே என்று சமாதானம் கூறுவோரும், 2017 இல் எலெக்ட்ரோனிக் ஆட்ஸ் கம்பனியின் ‘ஸ்டார் வோர்ஸ் பற்றில்ஃபிரண்ட் 2’ வந்தபோது வாயடைத்துப் போயினர். அறுபது டொலர் கொடுத்து வாங்கிய விளையாட்டு அது. அதில் புகழ்பெற்ற பாத்திரமான டார்த் வேடராக ஆட விரும்பினால், ஆட்டத்தினுள் 60,000 நாணயம் சேர்க்க வேண்டும். ஏறக்குறைய நாற்பது மணிநேரம் ஆடினால்தான் அது கைகூடும் என்று ஆடுபவர்கள் கணக்கிட்டனர். ஒரு தொழிலாளியின் முழுவார வேலைநேரம்! மறுபுறத்தில், முன்னேற்றத்தை விரைவாக்கும் பெட்டிகள் பணத்திற்குக் கிடைத்தன; எந்தப் பெட்டிக்குள் எது இருக்கும் என்பது அதிர்ஷ்டம். ஏன் இப்படி என்று கேட்டவர்களுக்கு, உழைத்துப் பெற்றால்தான் பெருமிதம் தோன்றும் என்ற பொருள்பட விடையிறுத்தது கம்பனி. உழைப்பின் மகிமையை முதலாளி உபதேசிக்கும் குரலை நாம் வேறு இடங்களிலும் கேட்டிருக்கிறோம். ஆனால் இம்முறை ஆடுவோரின் சினம் உலகெங்கும் மூண்டது. முதலில் அந்நாணயத் தொகையைக் காற்பங்காகக் குறைத்தனர். பின்னர் விளையாட்டு வெளியாகும் தறுவாயில் பண விற்பனையையே நிறுத்தினர். கூட்டாக எழுந்த ஒரு குரல் ஒரு மாபெரும் கம்பனியைப் பின்வாங்கச் செய்தது. அதற்குத் தலைவர் எவரும் இருக்கவில்லை.

இங்கே ஒரு நுட்பத்தை அறுத்துக் கூற வேண்டும். நோயும் மருந்தும் ஒரே கையால் விற்கப்படும்போது, நோய் எவ்வளவு கொடிதாக இருக்க வேண்டும் என்பதை மருந்தின் விற்பனையே தீர்மானிக்கும். விளையாட்டை வகுப்பவன், “இவ்விடத்தில் ஆடுபவன் என்ன கற்பான்?” என்று கேட்பதை விட்டு, “இவ்விடத்தில் அவன் எப்போது பணப்பையைத் திறப்பான்?” என்று கேட்கத் தொடங்குகிறான். கட்டம் சலிப்பூட்டுவது அவன் திறமைக் குறைவால் நேர்ந்த பிழையன்று. சலிப்பே அங்கு உற்பத்திப் பொருள். நல்ல விளையாட்டைச் செய்யத் தெரிந்த கைகள் கெட்ட விளையாட்டைச் செய்யுமாறு கூலி பெறுகின்றன என்பதை எண்ணும்போதுதான் நமக்கு மெய்யாகவே வருத்தம் உண்டாகிறது.

யாரும் எவரையும் கட்டாயப்படுத்தவில்லையே, பெரும்பாலோர் ஒரு சதமும் கொடுக்காமல்தானே ஆடுகின்றனர் என்பர் சிலர். உண்மை, ஆடுபவரிற் பெரும்பாலோர் எதுவும் கொடுப்பதில்லை. வருவாயின் பெரும்பங்கு ஒரு சிறு தொகையினரிடமிருந்தே வருகிறது. அவர்களை அத்தொழிலார் ‘திமிங்கிலங்கள்’ என்று அழைக்கின்றனர். சூதாட்ட மண்டபங்களிலே வழங்கிய சொல் அது. மனிதரைக் கொழுப்பிற்காக வேட்டையாடப்படும் பிராணியின் பெயரால் அழைக்கும் ஒரு வணிகம் தன்னைப் பற்றித் தானே சாட்சி சொல்லிவிட்டது. நாம் மேலும் கூறவேண்டியதில்லை.

சலிப்பு ஒரு பண்டமாகிவிட்டால், அதனைச் சுமக்கும் கூலியாட்களும் தோன்றியே தீர்வர். 2004 இல் வெளியான ‘வேர்ல்ட் ஒவ் வோகிராவ்ற்’ என்னும் விளையாட்டில் பொன் சேர்ப்பது நெடிய, சலிப்பான வேலை. அடுத்த சில ஆண்டுகளிற் சீன நகரங்களில் இளைஞர் பலர், பன்னிரண்டு மணிநேர முறைகளில் கணினிகளின் முன் அமர்ந்து, அதே பூதங்களை அதே இடத்தில் மீண்டும் மீண்டும் கொன்று பொன் சேர்த்தனர். முதலாளி அப்பொன்னை விற்றான். வாங்கியோர் அமெரிக்கா முதலிய நாடுகளில் பணம் இருந்தும் பொறுமை இல்லாதோர். ஒருவனது விளையாட்டின் சலிப்பான பகுதியை இன்னொருவன் கூலிக்கு விளையாடித் தீர்த்தான்!

2021 இல் பிலிப்பைன்ஸில் இது குத்தகை முறையாகவே வளர்ந்தது. வியற்நாமியக் கம்பனியொன்று ஆக்கிய ‘அக்ஸி இன்ஃபினிற்றி’ விளையாட்டைத் தொடங்க அப்போது மூன்று கற்பனைப் பிராணிகளை விலைகொடுத்து வாங்க வேண்டியிருந்தது. தொற்றுநோய்க் காலத்தில் வேலையிழந்தவர்களிடம் அதற்குப் பணம் ஏது? பணமுள்ளோர் பிராணிகளை வாங்கி அவர்களுக்கு ஆடக் கொடுத்தனர். ஈட்டியதில் ஒரு பங்கைத் தாம் எடுத்துக்கொண்டனர். ஆடியவர்களுக்கு ‘புலமைப்பரிசில் பெறுவோர்’ என்று பெயர். நிலம் பிறனுடையது, உழைப்புத் தன்னது, விளைவிற் பங்கு என்ற உறவை நம் கிராமங்கள் நன்கு அறியும். ஆனால் வாரக்குடியைப் புலமைப்பரிசிலாளன் என்று அழைக்கும் சாமர்த்தியம் நம் நிலச்சுவான்தார்களுக்கு வாய்க்கவில்லை. அந்நாணயத்தின் பெறுமதி விரைவிலேயே சரிந்தது. 2022 மார்ச்சில் 60 கோடி டொலருக்கு மேற்பட்ட தொகையைத் திருடர்கள் அவ்வலையமைப்பிலிருந்து கவர்ந்தனர்.

இதுவரை கூறியவற்றைக் கேட்டுத் தலையசைக்கும் ஒரு சாராரிடம் இனி நாம் பிணங்க வேண்டியிருக்கிறது. அவர்கள் கடினத்தின் பக்தர்கள். யப்பானியரான ஹிடெடாகா மியாசாகியின் நெறியாள்கையில் வந்த ‘டாக் சோல்ஸ்’ (2011), ‘செக்கிரோ’ (2019) ஆகியவற்றை அவர்கள் வேதமாகக் கொள்வர். நமக்கும் அவை மிகவும் பிடித்தவையே. அங்கே தோல்வியால் எவரும் பணம் பண்ணுவதில்லை. பூதம் எங்கே ஓங்குகிறது, எப்போது தளர்கிறது என்பதைத் தோல்வியே கற்பிக்கிறது. செக்கிரோவில் எளிய முறை என்ற ஒன்று கிடையாது. அது வேண்டும் என்று சிலர் கேட்டபோது, ‘இயலாதவன் விலகிப் போகட்டும்’ என்ற கூச்சல் எழுந்தது. தன் படைப்பு எவ்வளவு கடுமையாக இருக்கவேண்டும் என்று தீர்மானிக்கும் உரிமை கலைஞனுக்கு உண்டு. அதனை நாம் மறுக்கவில்லை. ஆனால் அக்கூச்சலிட்டோர் கலைஞனின் உரிமைக்காகவா வாதாடினர்? தாம் ஏறிய பின் ஏணியை இழுத்துக்கொள்ளும் ஆசையே அதிற் பெரிதும் ஒலித்தது. விரல் நடுங்கும் நோயாளி, ஒரு கையே உடையவர், இரவு வேலை முடித்துவந்து அரைமணி நேரமே வாய்க்கப்பெற்றவர் ஆகியோரெல்லாம் சோம்பேறிகளா? வகுப்பறையில் நிற்கும் நமக்கு இக்குரல் நன்கு பழக்கமானது. முதல் வரிசைப் பிள்ளையின் தகப்பன் பேசும் குரல் அது.

2018 இல் ஒரு சிறு குழுவினர் வெளியிட்ட ‘செலெஸ்ற்’ என்ற விளையாட்டு இச்சிக்கலுக்கு நாம் கண்டவற்றுள் மிக நாகரிகமான விடையைத் தந்தது. ஒரு பெண் ஒரு மலையில் ஏறுகிறாள், அவ்வளவே கதை. ஏறுவது மிகக் கடினம். ஆயினும் வேண்டுவோர் ஆட்டத்தின் வேகத்தைக் குறைத்துக்கொள்ளலாம். களைப்பின்றிப் பாறையைப் பற்றலாம். விழுந்தாலும் சாகாமல் இருக்கலாம். இவற்றிற்கு ஒரு சதமும் கட்டணமில்லை. நாம் பெரும்பகுதியை உதவியின்றியே ஏறினோம். ஓரிடத்தில் மட்டும் நான்கு இரவுகள் தோற்றபின் வேகத்தைச் சற்றுக் குறைத்தோம். அதனால் மலை சிறிதாகிவிடவில்லை. கண்டி கிறஷ் விற்பதும் எளிமைதான், செலெஸ்ற் வழங்குவதும் எளிமைதான். முன்னதில் எளிமைக்கு விலை இருப்பதால் கடினம் போலியாகிறது. பின்னதிலோ கடினத்திற்கு ஊறில்லை, ஏனெனில் அதனை வைத்தவருக்கு நம் தோல்வியால் ஆவது ஒன்றுமில்லை. ஆகவே கடினமா எளிதா என்ற வழக்கே திசைதவறியது என்பது நமது துணிபு. நாம் தோற்கும்போது ஆதாயம் பெறுபவன் யார் என்பதே கேட்கப்பட வேண்டிய கேள்வி.

அரசுகள் விழித்துக்கொள்ளாமலில்லை. சீட்டிழுப்பாகப் பொருள்களை வாங்கி ஒரு தொகுதியை நிறைவுசெய்தால் பரிசு என்னும் முறை சட்டவிரோதமானது என்று 2012 இல் யப்பானின் நுகர்வோர் நிறுவனம் அறிவித்தது. 2018 ஏப்பிரிலில் பெல்ஜியத்துச் சூதாட்ட ஆணைக்குழு, சில விளையாட்டுகளின் அதிர்ஷ்டப் பெட்டிகளைச் சூதாட்டம் எனத் தீர்த்தது. 2022 டிசெம்பரில் எபிக் கேம்ஸ் கம்பனி, அமெரிக்க வர்த்தக ஆணைக்குழுவுடன் 52 கோடி டொலர் செலுத்த உடன்பட்டது. அதிற் பாதிக்குச் சற்றுக் குறைவானது, விருப்பமின்றிப் பொருள் வாங்கும்படி பொத்தான்களை அமைத்து ஏமாற்றியதற்காக ஆடுவோருக்குத் திருப்பிக் கொடுப்பதற்கு. சூதையும் ஏமாற்றையும் சட்டம் பிடிக்கும். வேண்டுமென்றே சமைக்கப்பட்ட சலிப்பை எந்தச் சட்டப்பிரிவு பிடிக்கும்? தன் பண்டத்தைச் சுவையற்றதாக்கும் உரிமையும் வணிகனுக்கு உண்டல்லவா!

விளையாட்டு ஆக்குவோரும் உண்ண வேண்டுமே என்று கேட்கலாம். வேண்டும், ஆனால் தண்டற்பெட்டி நிறைந்தால் அவர்கள் வயிறு நிறையும் என்று எண்ணுவது பேதைமை. 2023 இலும் 2024 இலும் இத்துறையின் பெருங்கம்பனிகள் ஆயிரக்கணக்கான ஊழியரை வீட்டுக்கு அனுப்பின. மறுபுறம், எரிக் பறோன் என்ற ஒரு தனிமனிதர் நான்காண்டுக்கு மேல் உழைத்து 2016 இல் வெளியிட்ட ‘ஸ்டாடியூ வலி’ என்ற பயிர்ச்செய்கை விளையாட்டை, பதினைந்து டொலர் கொடுத்து வாங்கினால் பிறகு ஒன்றும் கேட்பதில்லை. ஆண்டுகள் கடந்தும் புதிய பகுதிகளை இலவசமாகவே சேர்த்து வருகிறார். அது கோடிக்கணக்கில் விற்றிருக்கிறது. எல்லோருக்கும் அந்த வாய்ப்புக் கிட்டாது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

மழைநாள் மாணவனை இத்தவணை கணினி அறையில் மீண்டும் கண்டோம். பாடத்தின் பகுதியாகச் சிறு விளையாட்டொன்றை அவனே ஆக்கிக்கொண்டிருந்தான். ஒரு பூனை குழிகளைத் தாண்டிப் பாய வேண்டும். மூன்றாவது குழியை நம்மால் இரண்டு முறை தாண்ட முடியவில்லை; அவன் அடக்கிக்கொண்டு சிரித்தான். எத்தனை உயிர் கொடுக்கப் போகிறாய் என்று கேட்டோம். திரையைப் பார்த்தபடி சற்று யோசித்தான்.

“மூண்டு காணும், சேர். தங்கச்சி விளையாடுறதெண்டா ஐஞ்சு.”